ஆசிரியரைத் தெரிந்தெடுத்தல் ஓர் அறம்

(கோலியனூரில் நடைபெற்ற மகாவீர் ஜெயந்தி விழாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இவ்வாண்டு விழாவில் உரையாற்றுமாறு அறக்கட்டளைச் செயலர் என்னை அழைத்தபோது, வழக்கம்போல் அறநெறி பற்றிச் சில சொற்கள் பேசலாம் என எண்ணியிருந்தேன். அவரோ வேறொரு வேண்டுகோளை முன்வைத்தார். நம் குடும்பத்தார் சிலர் ஆட்சிக்குழுவில் பொறுப்பு வகிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் ஆங்கிலத் துறைக்குத் துணைத்தலைவர் ஒருவரை நியமிக்க வேண்டியுள்ளதாம். "இத்தகைய ஒருவரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதைப் பொதுமேடையிலேயே சொல்லுங்கள் ஐயா. மூடிய அறையில் சொன்னால் நான்கு பேர் கேட்பார்கள். இங்கே சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். கேட்டவர்கள் பின்னர்ப் பரிந்துரையோடு வரத் தயங்குவார்கள்" என்றார். செயலரின் நுண்மதியை மெச்சி ஒப்புக்கொண்டேன்.

திருவிழா மேடையில் ஒரு பணி நியமனம் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நம் மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். நான்காவதைக் கல்வித்தானம் என்றே நாம் போற்றி வருகிறோம். முனிவர்கள் உறைந்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் பயிலும் இடத்திற்கும் அப்பெயரே நிலைத்தது. ஐந்து பரமேட்டிகளை நாள்தோறும் வணங்குகிறோம். அவர்களுள் சங்கத்தை வழிநடத்தும் ஆசாரியருக்கு அடுத்து நிற்பவர் உபாத்தியாயர். கற்பிப்பதே அவர்தம் பணி. தலைமைக்கு அடுத்த இடத்தில் கற்பிப்பவரை வைத்து வணங்கும் நாம், நம் பொறுப்பிலுள்ள பள்ளியில் அடுத்த இடத்தில் யாரை அமர்த்துவது என்று ஆராய்வது அறத்திற்குப் புறம்பான பேச்சாகாது.

முதலில், இந்தப் பதவி யாது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் மாநிலத்தில் பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர், உதவித் தலைமையாசிரியர், தலைமையாசிரியர் எனப் படிநிலைகள் உண்டு. பாடத் துறைக்கெனத் தனியே ஒரு துணைத்தலைவர் என்பது பெரும்பாலான பள்ளிகளில் எழுதப்பட்ட பதவியன்று. மூத்த ஆசிரியர் ஒருவர் வினாத்தாள் பொறுப்பைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவே. இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளில் இது முறையான பொறுப்பு. துறைத்தலைவர் ஒருவர், அவருக்கு அடுத்தவர் ஒருவர் என இருவர் இருப்பர். நம்முடைய பள்ளி அத்தகைய ஒரு பொறுப்பை உருவாக்க முன்வந்திருப்பது பாராட்டத்தக்கது.

அப்படியானால் அவருடைய வேலை என்ன? துறைத்தலைவர் இல்லாத நாளில் கையொப்பம் இடுவதன்று. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையைக் கண்டறிந்து, அவன் எட்டாம் வகுப்பிற்குச் செல்லுமுன் படிக்க வைக்க ஏற்பாடு செய்வது. புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, அவர் மனம் நோகாமல் குறை நிறை கூறுவது. ஒரே வகுப்பின் இரண்டு பிரிவுகளில் விடைத்தாள்கள் ஒரே அளவுகோலால் திருத்தப்படுகின்றனவா என்று ஒப்பிடுவது. நூலகத்திலிருந்து எளிய கதைப் புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுவருவது. சுருங்கச் சொன்னால், தாம் நன்றாகக் கற்பிப்பதோடு, பிறர் நன்றாகக் கற்பிக்கத் துணைநிற்பதே அவர் கடமை. இந்த இரண்டாவது கடமையை மறந்துவிட்டு ஆள் தேடுவதால்தான் தெரிவுகள் பிழையாகின்றன.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை; பிழை செய்து கற்றுக்கொண்டு சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில் தெரிவுக்குழு உறுப்பினராக அமர்ந்திருந்தேன். ஆங்கிலத் துறையின் இரண்டாம் பொறுப்பிற்கு இருவர் எஞ்சியிருந்தனர். ஒருவர் முப்பது வயதைக் கடந்த இளைஞர், பெருநகரத்தில் பயின்றவர், ஆங்கிலம் அவர் நாவில் அருவிபோல் இறங்கியது. மற்றவர் இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஓர் அம்மையார். நம் பகுதிச் சிற்றூரில் தமிழ்வழியில் படித்து வந்தவர். நாங்கள் ஐவர் மேசைக்கு அப்பால் வரிசையாக அமர்ந்து, ஷேக்சுபியர் நாடகம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் வினவினோம். அம்மையார் சற்றுத் தயங்கினார். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நின்றார். இளைஞர் நிற்கவேயில்லை. கால் மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டோம். நானும் அந்த முடிவிற்குக் கை உயர்த்தியவனே.

அந்த இளைஞரைக் குறை கூறமாட்டேன். முதல் வரிசைப் பிள்ளைகள் அவரிடம் ஒளிர்ந்தனர். பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வந்தன. ஆனால் துறையிலிருந்த மற்ற மூன்று ஆசிரியர்களும் மெல்ல மெல்ல வாய் மூடினர். அவர் முன்னிலையில் பிழையாகப் பேசிவிடுவோமோ என்று அஞ்சி, ஆசிரியர் அறையில் ஆங்கிலம் பேசுவதையே விட்டனர். அவருக்குப் பிறர் வகுப்பிற்குச் செல்ல நேரமும் இல்லை, நாட்டமும் இல்லை. ஆண்டு முடிவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் நான் பாடநூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் படத்தைப் பார்த்துக் கதையைத் தமிழில் சொன்னான். ஒரு வரியையும் படிக்க இயலவில்லை. மூன்று ஆண்டுகளாக அவன் அப்படியே வகுப்பு ஏறியிருக்கிறான். கண்டறிய வேண்டிய பொறுப்பில் நாங்கள் அமர்த்தியவர், மேடைப் பேச்சுக்கு மாணவரைப் பழக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டு முடிவில் அவர் வேறொரு நகரப் பள்ளிக்குச் சென்றுவிட்டார்.

சில ஆண்டுகள் கழிந்தன. இதோ இந்தக் கோலியனூர் கூட்டுரோட்டில் பேருந்துக்காக நான் நின்றிருந்தபோது, நிழற்குடையில் அமர்ந்து மடியில் குறிப்பேடுகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்த அந்த அம்மையாரைக் கண்டேன். வணக்கம் கூறிவிட்டு அருகில் அமர்ந்தேன். ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். பிழைகள் அனைத்தையும் சிவப்பு மையால் சுழித்திருக்கவில்லை. ஒரே வகைப் பிழை இரண்டை மட்டும் குறித்து, அதன் கீழே அந்தப் பிள்ளை தானே திருத்தி எழுத இடம் விட்டிருந்தார். "எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் பிள்ளை நோட்டை மூடிவிடுவான் ஐயா. இந்த வாரம் இது, அடுத்த வாரம் அடுத்தது" என்றார். அன்று நடந்ததற்கு வருந்துகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அன்று உங்கள் கேள்வி ஒன்றுக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளையின் நோட்டைக் கையில் கொடுத்திருந்தால் நான் பேசியிருப்பேன் ஐயா" என்றார்.

அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. குற்றம் அவருடைய ஆங்கிலத்தில் இல்லை. எங்கள் வினாவில் இருந்தது. எந்தப் பணிக்கு ஆள் தேடினோமோ அந்தப் பணியைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியோர்களே, இதை நமக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்தவர் நம் பவணந்தி முனிவர். சீயகங்கன் வேண்ட அவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் எவர், ஆசிரியர் ஆகாதவர் எவர் என்று உவமைகளால் விளக்குகிறது. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் ஒப்பாக்குகிறது. நிலம் பிறர் செய்வதைப் பொறுக்கும். உழுபவரின் முயற்சிக்கு ஏற்பப் பலன் தரும். துலாக்கோல் ஐயமின்றி எடை காட்டும். இருபுறமும் சாயாது நடுவே நிற்கும். துறையின் துணைத்தலைவருக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை: சக ஆசிரியரின் குறையைப் பொறுக்கும் நிலம், மாணவரின் விடையை நடுநின்று அளக்கும் கோல்.

ஆசிரியர் ஆகாதவருக்குச் சொன்ன உவமைகள் இன்னும் கூர்மையானவை. கழற்சிக்காய் இட்ட குடம், இட்ட முறையில் காயை வெளிவிடாது. அதுபோல் தாம் கற்ற வரிசை கலைந்து உரைப்பவர் ஒருவர். கருக்கு மட்டை சூழ்ந்த பனை, யாரையும் ஏறவிடாது. தானே உதிர்த்தால் உண்டு. குண்டிகையில் அடைத்த பருத்தி, நுழைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. வளைந்த தென்னை, நீர் வார்த்தவர் முற்றத்தை விட்டுப் பக்கத்து முற்றத்தில் காய் உதிர்க்கும். பள்ளியில் ஊதியம் பெற்று, முழுத் திறனையும் மாலைநேரத் தனிப்பயிற்சிக்கு ஒதுக்கி வைப்பவரை எண்ணினால் இந்த வளைந்த தென்னை கண்முன் நிற்கிறது. கேட்போருக்கு அச்சம் தோன்றப் பேசுவதையும் அந்நூல் ஆகாத குணங்களுள் ஒன்றாகவே வைக்கிறது. நாங்கள் அன்று தெரிந்தெடுத்தவர் தீயவரல்லர். ஆயினும் அவர் பேச்சு அச்சத்தைத் தந்தது.

இன்னொரு கருத்தும் அங்கே உண்டு. ஆசிரியர் சொன்னதைச் செவ்வனே கேட்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோருடன் பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய பாதி நிறைகிறது. மாணவருக்குச் சொன்ன இக்கணக்கு ஆசிரியருக்கும் பொருந்தும். ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பயிலும் அந்தக் கால் பங்கை ஏற்பாடு செய்பவரே துணைத்தலைவர்.

இது நம் ஊர்களின் அண்மைக்கால வரலாற்றிலும் மெய்ப்பட்டிருக்கிறது. 1959இல் சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கிற்று. ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது நோக்கம். சிறு குழுவினர் முதலில் பயின்று, அவர்கள் அடுத்த குழுவிற்குப் பயிற்றி, அவர்கள் அதற்கடுத்த குழுவிற்குப் பயிற்றும் ஏற்பாடு. உருளும் பனிப்பந்து பெருகுவதுபோல் பெருகும் என்று அதற்கு அப்பெயரே இட்டனர். எண்ணிக்கை பெருகும் முறை இது. ஆயினும் கைமாறிக் கைமாறிச் செல்லும் பயிற்சி, கடைசி ஆசிரியரின் வகுப்பறைக்குள் என்னவாயிற்று என்று உடனிருந்து பார்க்க ஆள் வேண்டுமல்லவா?

அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து, 1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு அவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் நமக்கு அண்மையிலுள்ள கடலூரிலும் சில பள்ளிகளில் ஒரு புதிய முறையை முயன்று பார்த்தார். இலக்கண வாய்பாடுகளை வரிசையாகப் பயிற்றுவதை விட்டு, மாணவரிடம் புகைவண்டி நேர அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் கொடுத்து, சிந்தித்து விடை காணச் செய்தனர். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே படியும் என்பது அதன் அடிப்படை. 1987இல் நூலாக வெளிவந்த அந்த முயற்சியை உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் பேசுகின்றனர். ஆனால் அதை ஆராய்ந்த ஆலன் பெரெட்டா, வழக்கமான பள்ளி ஆசிரியர்களுள் பலர் அம்முறையை முழுதும் தமதாக்கிக்கொள்ளவில்லை என்று 1990இல் எடுத்துக்காட்டினார். வல்லுநர் வந்தார், சென்றார். பள்ளிக்குள் அதைக் காத்து வளர்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

பிரபு அவர்களே அதே 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லாருக்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்கிறார். தாம் செய்வது ஏன் பிள்ளைக்குப் பயன்படுகிறது என்ற உயிருள்ள உணர்வு ஆசிரியரிடம் இருக்க வேண்டும்; அது இயந்திரம்போல் உறைந்துபோகக் கூடாது என்பது அவர் கருத்து. அனேகாந்தம் அறிந்த நமக்கு இது புதிதன்று. ஒரே கோணத்தைப் பற்றிக்கொண்டு 'இதுவே முறை' என்பவரைவிட, 'இந்தப் பிள்ளைக்கு இன்று எது உதவும்?' என்று வினவுபவரே நமக்கு வேண்டும்.

இனி, செய்முறைக்கு வருகிறேன். ஆட்சிக்குழுவினர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, விளம்பரம். 'சரளமாக ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் தேவை' என்று வெளியிட்டால் சரளமாகப் பேசுபவரே வருவார். செய்ய வேண்டிய பணிகளை எழுதுங்கள்: படிக்கத் திணறும் மாணவர்க்கு வழிகாட்டல், இளம் ஆசிரியர்க்குத் துணை, விடைத்தாள் ஒப்பீடு. எத்தனை பாடவேளை, ஊதியம் எவ்வளவு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இரண்டாவது, வகுப்பறை. விண்ணப்பித்தவரை ஒரு வகுப்பு எடுக்கச் செய்யுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் நேர்காணல் நாளன்றே இது நடக்கும். நம் தனியார் பள்ளிகளிலும் 'டெமோ' என்ற பெயரில் இவ்வழக்கம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆசிரியர்களையே மாணவர்போல் அமர்த்தி நடத்துகிறோம். அது நாடகம். உண்மையான பிள்ளைகள் வேண்டும். அதுவும் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் அல்லர். எட்டாம் வகுப்பின் ஏதேனும் ஒரு பிரிவை அப்படியே கொடுங்கள். கோடை விடுமுறை தொடங்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். பார்ப்பவர்கள் ஆசிரியரைப் பார்க்க வேண்டாம்; பின்வரிசைப் பிள்ளையைப் பாருங்கள். பாடவேளை முடியுமுன் அவன் ஒரு வாக்கியமாவது பேசினானா, எழுதினானா? பிழையாகச் சொன்னபோது என்ன நடந்தது? அவன் மீண்டும் கை உயர்த்தினானா? மீண்டும் உயர்ந்த கை ஒன்றே போதிய சான்று.

மூன்றாவது, குறிப்பேடு. பெயரை மறைத்து, ஒரு மாணவரின் இரண்டு பக்க எழுத்தை விண்ணப்பித்தவரிடம் கொடுத்து, இருபது நிமிடம் தனியே விடுங்கள். பிறகு கேளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கிறது? என்ன தெரியவில்லை? அடுத்த வாரம் எதைக் கற்பிப்பீர்கள்? முதல் வினாவிற்கு விடை சொல்லத் தெரியாமல் பிழைகளை மட்டும் எண்ணுபவர், இப்பணிக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பேன்.

நான்காவது, சக ஆசிரியர். நம் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும்; விண்ணப்பித்தவர் பார்த்துவிட்டு அவரோடு தனியே உரையாடட்டும். பின்னர் அந்த இளம் ஆசிரியரை அழைத்து, "நாளை இவரிடம் உங்கள் ஐயத்தைக் கொண்டு செல்வீர்களா?" என்று கேளுங்கள். தெரிவுக்குழுவின் ஐந்து உறுப்பினரைவிட இந்த ஒருவரின் விடைக்கு எடை அதிகம்.

ஐந்தாவதாகவே நேர்காணல். எல்லாருக்கும் ஒரே வினாக்கள். முன்கூட்டியே எழுதி வைத்தவை. ஒவ்வோர் உறுப்பினரும் பேசிக்கொள்ளுமுன் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். இல்லையேல் முதலில் பேசுபவரின் கருத்தே அனைவரின் கருத்தாகிவிடும்; நாங்கள் கை உயர்த்தியது அப்படித்தான். ஆங்கிலத்தில் பேசுவதைச் சோதிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆங்கில ஆசிரியருக்கு ஆங்கிலம் பிழையின்றி வர வேண்டும். அது வாயிற்படி, அதைத் தாண்டியபின் வீட்டிற்குள் பார்க்க வேண்டியவை பல உள.

ஆறாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. முன்பு பணியாற்றிய பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் விசாரித்து, ஏன் விலகினார் என்று எழுத்தில் பெறுங்கள். சான்றிதழ்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பை 'நம்மவர்தானே' என்று தவிர்க்காதீர்கள். 2012இல் போக்சோ சட்டம் வந்தபின் இதில் மெத்தனம் காட்டுவோருக்குச் சாக்கு ஏதும் இல்லை.

'நம்மவர்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். அதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன்.

2014 சனவரியில் மைய அரசு நம் சமூகத்தைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. 1998இல் கேரளப் பள்ளி ஒன்றின் வழக்கில், தகுதியுள்ள ஒருவரைத் தலைமையாசிரியராகத் தெரிந்தெடுக்கும் உரிமை சிறுபான்மைப் பள்ளி நிர்வாகத்திற்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அவரைப் பள்ளிக்குள்ளிருந்தும் எடுக்கலாம், வெளியிலிருந்தும் எடுக்கலாம். தீர்ப்பில் 'தகுதியுள்ள' என்ற சொல் இருக்கிறது. அதை நாம் விழுங்கிவிடக் கூடாது. உரிமை பெரிதாகும் இடத்தில் கேட்பாரற்ற தன்மையும் பெரிதாகும். அதனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கடமையும் பெரிதாகிறது.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றியும் ஒரு சொல். நம் மாநிலத்தில் 2012இல் முதன்முறை நடந்தபோது எழுதியவர்களுள் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம், ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியரும் இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்ற வினாவைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு விட்டது. அந்த முடிவிற்குக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. தேறியவரை விரும்பி ஏற்போம். ஆயினும் தேர்வு காட்டுவது பாட அறிவை. பின்வரிசைப் பிள்ளையின் கையை உயர்த்த வைக்கும் திறனை நாமே நேரில் காண வேண்டும்.

நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் விண்ணப்பித்தால்? வரவேற்போம். உறவினர் என்பதால் இடம் தரவும் வேண்டாம். உறவினர் என்பதாலேயே விலக்கவும் வேண்டாம். அவருக்கு உறவான குழு உறுப்பினர் அன்று எழுந்து வெளியே செல்லட்டும். நம் ஊர்களில் இது கடினம் என்பதை அறிவேன். வீடூரிலும் விழுக்கத்திலும் மேல்சித்தாமூரிலும் திண்டிவனத்திலும் கொண்டு கொடுத்த உறவுகள் நாம். ஒருவர்க்கொருவர் சம்பந்தி முறையோ மாமன் முறையோ இல்லாத இருவரைக் காண்பது அரிது. ஆகவே குழுவில் வெளியார் ஒருவர், இயன்றால் பிற சமூகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், அமர்வது நலம். நம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் நம்மவர் மட்டுமல்லரே.

தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று உண்டு: ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா? குந்தகுந்தர் சமயசாரத்தில் ஓர் உவமை வழியே இதற்கு விடை தந்திருக்கிறார். கேட்பவருக்குப் புரியும் மொழியின் துணையின்றி உயர்பொருளை அவரிடம் சேர்க்க முடியாது என்பது அதன் கருத்து. பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் அந்த ஆசிரியரின் நூலை, 1950இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு உலகிற்கு அளித்தவர் நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். திருக்குறளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1953இல் வெளியிட்டார். தமிழில் வேரூன்றி ஆங்கிலத்தில் கிளை விரித்த அறிஞர் அவர். தமிழைப் பாலமாக்கி ஆங்கிலத்திற்கு அழைத்துச் செல்பவரைத் தாழ்வாகக் கருதாதீர்கள். ஆனால் பாலத்தின் மேலேயே வீடு கட்டிக்கொண்டு, ஆண்டு முழுதும் மொழிபெயர்த்துச் சொல்லியே காலங்கழிப்பவரையும் ஏற்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. நல்லவரைத் தெரிந்தெடுத்தபின், அவருக்கு நேரம் கொடுங்கள். மற்றவருக்கு உள்ள அத்தனை பாடவேளைகளையும் சுமத்திவிட்டுத் துணைத்தலைவர் என்ற பலகையை மட்டும் மாட்டினால், அவர் எப்போது பிறர் வகுப்பிற்குச் செல்வார்? வாரத்தில் நான்கு பாடவேளைகளையேனும் விடுவியுங்கள். முதல் ஆண்டிலேயே பொதுத்தேர்வு விழுக்காட்டைக் கேட்டு நெருக்காதீர்கள். 'ஆறாம் வகுப்பில் படிக்கத் தெரியாதிருந்த எத்தனை பிள்ளைகள் இன்று படிக்கிறார்கள்?' என்று கேளுங்கள். அந்த எண்ணை ஆண்டுதோறும் இந்த மேடையில் வாசியுங்கள். நன்கொடைப் பட்டியலுக்கு முன்பே வாசியுங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் என்ன ஆனான் என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறினான். அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. படத்தைப் பார்த்து முழுக் கதையையும் சொல்லத் தெரிந்த அறிவாளி அவன். நாங்கள் ஐவர் கால் மணி நேரத்தில் எடுத்த முடிவிற்கு அவன் விலை கொடுத்தான். உயிர்க்கு ஊறு செய்யாமை நம் அறம். ஒரு பிள்ளையின் வழியை அறியாமையால் அடைப்பதும் ஊறுதான் என்று நான் பிந்தி உணர்ந்தேன். நீங்கள் முந்தி உணர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அடுத்த மாதம் தெரிவுக்குழு கூடும்போது, மேசைமேல் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பிள்ளையின் குறிப்பேடும் இருக்கட்டும்.